எந்த ஹாகிஸ், எந்தச் சூடு?

ஜனவரி 25 நெருங்கும் வாரங்களில், ஸ்காட்லாந்தின் இறைச்சிக் கடைகளில் பழுப்பு நிறத்தில் உப்பிய பைகளாக ஹாகிஸ் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 1759இல் அந்த நாளில் பிறந்த கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் நினைவாக நடக்கும் இரவு விருந்துக்கு அதுவே தலைமை உணவு. ஆண்டு முழுவதும் கிடைக்கும் பண்டம்தான் என்றாலும், முதல் முறையாக வாங்க நினைப்பவர் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் கடைக்குள் நுழைகிறார். அங்கே நான்கு வகைகளைக் கண்டு திகைக்கிறார். எடின்பரோவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். எந்த நிறுவனத்தின் ஹாகிஸ் சிறந்தது என்ற கேள்வியையே அப்போது எல்லோரிடமும் கேட்டேன். அதைவிட, எந்த உறையில் இருப்பதை வாங்குகிறோம், அதை எவ்வளவு பொறுமையாகச் சூடாக்குகிறோம் என்ற இரண்டும்தான் சுவையைத் தீர்மானிக்கின்றன என்பது பல முறை சமைத்த பிறகே தெரிந்தது.

ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகிய மூன்றையும் வேகவைத்து அரைத்து, வெங்காயம், ஓட்ஸ் நொய், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு, உப்பு, மிளகு, ஜாதிக்காய் போன்ற மசாலாக்கள் ஆகியவற்றோடு வேகவைத்த நீரையும் சேர்த்துக் கலந்து, உறையில் அடைத்து மீண்டும் வேகவைப்பதே ஹாகிஸ். ஈரல் வறுவலும் குடல் குழம்பும் உண்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புதியது உறுப்பிறைச்சி அன்று, ஓட்ஸ்தான். அந்த நொய் கொழுப்பையும் சாற்றையும் உறிஞ்சி, பருக்கை பருக்கையாகத் தனித்து நிற்க வேண்டும். நல்ல ஹாகிஸை முள்கரண்டியால் தொட்டால், பதமாகக் கிளறிய ரவை உப்புமாபோல உதிர வேண்டும். களியைப்போல் ஒட்டிக்கொண்டால் செய்தவரிடமோ சூடாக்கியவரிடமோ பிழை இருக்கிறது. கீழே ஒப்பிடும் ஒவ்வொன்றையும் இந்த ஓர் அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

வாங்கும்போது

கடைக்காரர் தாமே அடைத்து விற்கும் இயற்கை உறை ஹாகிஸையும், பேரங்காடியில் நெகிழி உறையில் வரும் ஹாகிஸையும் முதலில் பார்ப்போம். பழைய வழக்கப்படி உறை என்பது ஆட்டின் இரைப்பை. இன்று இயற்கை உறை என்று விற்கப்படுவது பெரும்பாலும் மாட்டின் பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பை. சூடாக்கும்போது இந்த உறை சற்றே சுருங்கி உள்ளிருப்பதை இறுக்கிப் பிடிப்பதோடு, கூடுதல் ஈரத்தை மெதுவாக வெளியேற விடுவதால், உள்ளே உதிர்வு நன்றாக அமைகிறது. நெகிழி உறையில் ஈரம் முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே அது சற்றுக் குழைவாகவே வரும். ஆனால் அதன் விலை குறைவு, அது பல நாள் தாங்கும், ஒவ்வொரு முறையும் ஒரே சுவையைத் தரும். உப்பும் மிளகும் எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து வாங்க விரும்புபவருக்கு அது குறையில்லாத தேர்வு.

பர்ன்ஸ் விருந்துக்கென்றால் நான் தயங்காமல் இயற்கை உறையையே பரிந்துரைப்பேன். 1786இல் பர்ன்ஸ் எழுதிய ஹாகிஸ் வாழ்த்துப் பாடலை ஒருவர் உரக்கச் சொல்ல, மூன்றாம் பத்தியில் கத்தி வரும் இடத்தில் அவரே ஹாகிஸை நீளவாக்கில் கீறுவது வழக்கம். இறுகிய இயற்கை உறை கத்தி பட்டவுடன் பிளந்து, ஆவியும் மிளகு மணமும் மேசை முழுவதும் பரவும். நெகிழி உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி உரிக்கும்போது அந்தக் கணமே நிகழ்வதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றைத் தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். ஹாகிஸ் ஆட்டிறைச்சி உணவு என்று எண்ணி மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் வாங்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஆட்டின் உறுப்பாகவே இருந்தாலும், உறை மாட்டுக் குடலாக இருக்கலாம். கெட்டிக் கொழுப்பும் மாட்டிலிருந்து வந்ததாக இருக்கலாம். சில தயாரிப்பாளர்கள் பன்றி ஈரலும் சேர்க்கிறார்கள். இதில் இறைச்சிக் கடைக்கு ஒரு மேன்மை இருக்கிறது: எதை எங்கிருந்து சேர்த்தார் என்று செய்தவரிடமே நேரில் கேட்கலாம். பேரங்காடியிலோ சிட்டையைக் கடைசி வரிவரை படித்தே ஆக வேண்டும். ஸ்காட்லாந்தில் ஹலால் ஹாகிஸும் விற்பனையாகிறது.

டின்னில் வரும் ஹாகிஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கெடாமல் இருக்கக் கடும் வெப்பத்தில் பதப்படுத்துவதால் நொய்யின் உதிர்வு போய்விடுகிறது. ஊருக்கு எடுத்துச் செல்லவும், குளிர்பெட்டி இல்லாத முகாமில் சமைக்கவும் பயன்படும். அதையும் தட்டில் கொட்டி உண்பதைவிடத் தோசைக்கல்லில் பரப்பி முறுகவிட்டு உண்பது நல்லது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு: கால்நடைகளின் நுரையீரலை மனித உணவில் சேர்ப்பதை அந்நாடு 1971 முதல் அனுமதிப்பதில்லை என்பதால், அங்கே நுரையீரல் சேர்க்காத ஹாகிஸ் அல்லது சைவ ஹாகிஸ்தான் கிடைக்கும். நுரையீரல் சுவைக்காக அன்றி மென்மைக்காகச் சேர்க்கப்படுவது. அது இல்லாத ஹாகிஸ் சற்றுக் கனமாகவும் ஈரல் மணம் தூக்கலாகவும் இருக்கும்.

சைவ ஹாகிஸை ஒரு மாற்று ஏற்பாடு என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984இல் ஸ்காட்டிஷ் கவிதை நூலகத்தின் திறப்பு விழாவுக்காக அதை உருவாக்கியது. ஓட்ஸும் மிளகும் மாறவில்லை. உறுப்பிறைச்சியின் இடத்தில் சிவப்பு ராஜ்மா, பருப்பு, கேரட், காளான், விதைகள் ஆகியவை வந்தன, கொழுப்பு தாவரக் கொழுப்பானது. ஹாகிஸின் சுவையில் பெரும்பங்கு ஓட்ஸுக்கும் மிளகுக்கும் உரியது என்பதால் இந்த மாற்றம் நாம் நினைப்பதைவிட நன்றாகப் பொருந்துகிறது. இறைச்சி ஹாகிஸில் நாவில் நெடுநேரம் தங்கும் கொழுப்பின் ஆழம் இதில் இல்லை. ஓவனில் சற்று நேரம் கூடினாலும் உலர்ந்துவிடுகிறது. ஆனால் தட்டையாக வெட்டி வறுப்பதற்கு இறைச்சி ஹாகிஸைவிட இதுவே மேல், ஏனெனில் கொழுப்பு உருகி வழியாததால் துண்டு சிதையாமல் ஓரம் மொறுமொறுப்பாகிறது. உறுப்பிறைச்சி என்றாலே தயங்கும் விருந்தினருக்கும் முதலில் இதைத்தான் பரிமாறுவேன்.

சூடாக்கும்போது

கடையில் வாங்கும் ஹாகிஸ் ஏற்கெனவே வெந்தது. நாம் செய்வது சமையல் அன்று, உள்நடுவரை நன்றாகச் சூடேற்றுவது மட்டுமே. இதை அறியாமல்தான் நான் முதல் ஹாகிஸைப் பானையில் தளதளவென்று கொதிக்கவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் உறை வெடித்து, ஓட்ஸ் முழுவதும் நீரில் கலந்து கஞ்சியானது. எட்டுப் பேர் பசியோடு காத்திருந்த இரவு அது. அன்று பட்ட வருத்தத்தினால்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

நீரில் சூடாக்குவது பழைய முறை, கவனத்தோடு செய்தால் நல்ல முறையும்கூட. நீர் கொதித்தபின் தணலைக் குறைத்து, மேற்பரப்பு அசைவதும் அசையாததுமான நிலைக்குக் கொண்டுவந்த பிறகே, அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிய ஹாகிஸை உள்ளே வைக்க வேண்டும். 454 கிராம் எடையுள்ள ஹாகிஸுக்கு முக்கால் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் நீர் மீண்டும் கொதித்துவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதுதான் இதன் குறை.

ஓவனில் அந்தக் கவலை இல்லை. வெளியே நெகிழிச் சுற்று ஏதேனும் இருந்தால் அகற்றிவிட்டு, ஹாகிஸை அலுமினியத் தாளில் சுற்றி, ஆழமான தட்டில் வைத்து, விரல் தடிமன் அளவு நீர் ஊற்றி, 180 டிகிரி செல்சியஸில் வைத்தால் 454 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும்; ஒரு கிலோவுக்கு ஒன்றரை மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். தட்டில் உள்ள நீர் ஆவியாகிச் சூழ்வதால் உறை காய்ந்து வெடிப்பதில்லை, வெப்பமும் எல்லாப் பக்கமும் சமமாக ஏறுகிறது. உறையைக் குத்த வேண்டிய தேவையும் இல்லை. ஸ்காட்லாந்தின் உணவு விதிகள் மீண்டும் சூடாக்கும் உணவுக்கு உணவகங்களிடம் பொதுவாகக் கேட்கும் உள்வெப்பம் 82 டிகிரி. வெப்பமானி இருந்தால் வீட்டிலும் அதையே குறியாகக் கொள்ளலாம். உறையும் சிதையாமல், நொய்யும் குழையாமல் வருவதில் ஓவனுக்கு இணையில்லை என்பதே என் முடிவு.

மைக்ரோவேவில் வைப்பதாயின் உறையை முழுவதும் நீக்கி, உதிர்த்துக் கிண்ணத்தில் மூடி வைத்து, இடையில் இரண்டு முறையாவது கிளறிவிட வேண்டும். பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஓரம் கொதித்து நடு குளிர்ந்திருக்கும் அபாயமும், ஓட்ஸ் இறுகிவிடும் குறையும் இதில் இருக்கின்றன. வேலை முடிந்து வந்த ஒரு செவ்வாய்க்கிழமை இரவுக்கு இது போதும், விருந்துக்குப் போதாது.

வீட்டிலேயே தொடக்கத்திலிருந்து செய்வது

இதற்கும் இரண்டு வழிகள் இருக்கின்றன. முழுமையான மரபு வழியில், இறைச்சிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மூச்சுக்குழாயோடு இணைந்த ஈரல், இதயம், நுரையீரல் தொகுதியை வாங்கி, இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, நுரையீரலில் உள்ள சளியும் நுரையும் வெளியே வடியும்படி மூச்சுக்குழாயைப் பானையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு வேகவைப்பார்கள். பிறகு அரைத்து, வறுத்த ஓட்ஸும் கொழுப்பும் மசாலாவும் கலந்து, ஓட்ஸ் ஊதுவதற்கு இடம் விட்டு இரைப்பையைப் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டும் நிரப்பித் தைத்து, மூன்று மணி நேரம் மெல்ல வேகவைப்பார்கள். ஒரு முழு நாள் வேலை இது. அடுக்குமாடி வீட்டில் மணமும் எளிதில் போகாது.

மற்றொன்று கிண்ண ஹாகிஸ். எங்கும் கிடைக்கும் ஆட்டு ஈரலையும் இதயத்தையும் மட்டும் வேகவைத்து, ஈரலின் ஒரு பகுதியைத் துருவி, எஞ்சியதைப் பொடியாக நறுக்கி, வாணலியில் மணம் வரும்வரை வறுத்த ஓட்ஸ் நொய், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொழுப்பு, தாராளமாக மிளகு, வேகவைத்த நீர் ஆகியவற்றோடு கலந்து, கிண்ணத்தில் இட்டு, மூடி, இட்லிப் பானையில் இரண்டு மணி நேரம் ஆவியில் அவிக்கலாம். கொழுப்பு ஆட்டினுடையதா மாட்டினுடையதா என்பதும் நம் கையில் இருக்கும். நுரையீரல் தரும் மென்மை இல்லாதது ஒன்றே குறை. வீட்டில் செய்வதென்று முடிவெடுத்தவருக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். சுவைக்காக மட்டும் என்றால், நல்ல இறைச்சிக் கடை ஹாகிஸை இந்த இரண்டுமே வெல்வதில்லை. ஓட்ஸில் அவலோ தூளோ வேண்டாம். உடைத்த நொய்தான் வேண்டும்.

தட்டில் துணைக்கு வருபவை

மசித்த உருளைக்கிழங்கும், ஸ்காட்லாந்தில் நீப்ஸ் எனப்படும் மஞ்சள் நிற ஸ்வீடு (swede) என்ற டர்னிப் வகைக் கிழங்கும்தான் மரபான துணைகள். இரண்டையும் தனித்தனியே மசித்து வைப்பதா, ஆர்க்னி தீவுகளின் கிளாப்ஷாட்போல ஒன்றாகப் பிசைவதா என்பதில் நான் தனித்தனிப் பக்கம். நீப்ஸின் இனிப்பு ஹாகிஸின் மிளகுக் காரத்துக்கு எதிராகத் தனியே நிற்கும்போதுதான் இரண்டும் துலங்குகின்றன. நீப்ஸ் நீர்விடும் கிழங்கு. வெந்தபின் வடித்து, வெறும் பானையில் இரண்டு நிமிடம் ஈரம் போகப் புரட்டிய பிறகே வெண்ணெய் சேர்த்து மசிக்க வேண்டும். விஸ்கி கலந்த பாலேட்டுக் குழம்பை உணவகங்கள் ஊற்றித் தருகின்றன. உலர்ந்துபோன ஹாகிஸுக்கு அது உதவும். சரியாகச் சூடாக்கிய ஹாகிஸின் மிளகை அது மூடிவிடுகிறது.

மீந்ததை எப்படி உண்பது என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. மறுநாள் காலையில் தடிமனாக வெட்டி, எண்ணெய் விடாமல் அதன் கொழுப்பிலேயே இருபுறமும் கருகாமல் சிவக்க வறுத்து, முட்டையோடு உண்பது ஒன்று. கிளாஸ்கோவின் தெற்காசியக் கடைகளில் கிடைப்பதுபோல, சிறு உருண்டைகளாகப் பிடித்து, மிளகாய்த்தூளும் சீரகமும் கலந்த கடலைமாவில் தோய்த்துப் பக்கோடாவாகப் பொரிப்பது மற்றொன்று. எங்கள் வீட்டில் பெரியவர்கள் முதலாவதையும் பிள்ளைகள் இரண்டாவதையும் கேட்பதால், மூன்று பேருக்குப் போதுமான 454 கிராமுக்குப் பதிலாக இப்போதெல்லாம் ஒரு கிலோ பையாகவே வாங்கிவிடுகிறேன்.