‘டெஸ்ட்ல மாட்டாது’ என்று விற்கும் டப்பா: ஓடுகிற பிள்ளைகள் கவனத்துக்கு

மாநிலப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சப்ளிமென்ட் டப்பா விற்பவர்கள் சொல்வது ஒரே வசனம்தான்: “ஹெர்பல்தான் தம்பி, நாடா டெஸ்ட்ல மாட்டாது.” (நாடா என்றால் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை.) பில் கேட்டால் மழுப்பல். லேப் ரிப்போர்ட் என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். படித்துப் பாருங்கள்; புரத அளவும் ஈய அளவும் இருக்கும், ஸ்டீராய்டு பற்றி ஒரு வரி இருக்காது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண்ணும் உணவு விற்பதற்கான உரிமம்தான்.

மாட்டினால் தடை விற்றவருக்கு இல்லை, தின்றவருக்கு. ஸ்டனோசோலால், மெத்தண்டினோன் மாதிரி ஸ்டீராய்டு என்றால் உடனடி இடைநீக்கம், பிறகு 4 ஆண்டு வரை தடை. டப்பாவில் கலப்படம் என்றால் தண்டனை குறையும்தான், ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது விளையாட்டு வீரர். பாதி காலியான டப்பாவை நீட்டினால் ‘பிறகு கலந்திருக்கலாமே’ என்பார்கள். அதே பேட்ச் எண்ணில் சீல் உடைக்காத டப்பாவும் பில்லும் கையில் இருந்தால்தான் வாதம் நிற்கும். அதனால் வாங்கும்போதே ஒரே பேட்சில் இரண்டு வாங்கி, ஒன்றைத் திறக்காமல் வையுங்கள். டெஸ்டுக்கு மாதிரி கொடுக்கும் அன்று, கடந்த 7 நாளில் எடுத்த எல்லாவற்றையும் படிவத்தில் எழுதுங்கள். எழுதாதே என்று சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. பிறகு விசாரணையில் அவர்கள் வந்து நிற்க மாட்டார்கள்.

பயிற்சியாளர் கொடுத்தார் என்ற பதில் போதாது. 2011இல் இந்திய மகளிர் 4×400 மீட்டர் தொடர் ஓட்டக்காரர்கள் ஸ்டீராய்டில் சிக்கினார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த, சீனாவில் வாங்கிய ஜின்செங்தான் காரணம் என்றார்கள். நாடா விசாரணைக் குழு ஓராண்டுத் தடை விதித்தது. 2012இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு ஆண்டாக்கியது. டில்லி காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியவர்களுக்கே அந்தக் கதி.

இருமல் மருந்திலும் ஜாக்கிரதை. கடையில் கேட்டதும் தரும் பல சிரப்புகளில் மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது எப்போதும் தடை. மெடிக்கல் ஷாப் அண்ணனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் ‘நான் போட்டியில் ஓடுபவன்’ என்று சொல்லுங்கள்.

சப்ளிமென்ட் எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பேட்சையும் தடைப்பொருளுக்குச் சோதிக்கும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ திட்டத்தின் முத்திரை உள்ளதை வாங்குங்கள். முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணை அவர்கள் தளத்தில் தட்டிப் பாருங்கள். எண் வரவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.