நானோ துகள்களை இணைக்க எது நல்லது: நேரடி ஒளியா, கேவிட்டியா?

வெற்றிடத்தில் இரண்டு சிலிக்கா நானோ துகள்கள், தனித்தனி லேசர் இடுக்கிகளில் (துகளைப் பிடித்து வைக்கும் குவிந்த லேசர் கதிர்களில்) மிதக்கின்றன. ஒன்றின் அசைவை மற்றது உணர வேண்டும்.

நேரடி வழியில், ஒரு துகள் சிதறடிக்கும் ஒளி மற்றதன் இடுக்கி ஒளியோடு குறுக்கிட்டு விசையாகிறது. வியன்னா பல்கலைக்கழகக் குழு 2022-இல் காட்டியது இது. லேசர்களின் கட்டத்தை (ஒளியலைகளின் ஏற்ற இறக்கம் ஒன்றுக்கொன்று எவ்வளவு முந்திப் பிந்தி வருகிறது என்பதை) மாற்றி, ஒன்று தள்ளினாலும் மற்றது பதிலுக்குத் தள்ளாதபடிகூட அமைக்கலாம். அருமையான விஷயம்! ஆனால் துகள்களுக்கிடையே தூரம் கூடக் கூட விசை குறையும்.

கேவிட்டி என்பது ஒளியைத் திருப்பி அனுப்பும்படி எதிரெதிரே வைத்த இரண்டு உயர்தரக் கண்ணாடிகள். சிதறிய ஒளி அவற்றுக்கிடையே பலமுறை போய்வந்து இரண்டு துகள்களையும் தொடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஈடிஎச் சூரிச் பல்கலைக்கழகக் குழு 2024-இல் வெளியிட்ட சோதனையில், துகள்களின் இடைவெளி கூடியதால் இணைப்பு தளரவில்லை. துகள் நிலையலையில் (கண்ணாடிகளுக்கிடையே நகராமல் நிற்கும் ஒளியலையில்) எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். கேவிட்டியின் அச்சுவழி அசைவுக்கு, அலையின் வீச்சு சுழியாகும் கணுவில் இணைப்பு உச்சம்; கால் அலைநீளம் நகர்ந்தால் போச்சு. லேசர் அதிர்வெண்ணைக் கேவிட்டியின் ஒத்ததிர்வு அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு விலக்குகிறோம் என்பதை வைத்தும் வலிமையைக் கூட்டிக் குறைக்கலாம். சிக்கல் ஒன்று உண்டு: கண்ணாடி வழியே கசியும் ஒளி, துகளைப் பற்றிய தகவலையும் கொண்டுபோய்க் குவாண்டம் நிலையைக் கலைக்கும்.

இரண்டே துகள் என்றால் நேரடி வழி போதும். பல துகள்களைக் கோர்க்க, நான் கேவிட்டியைத்தான் எடுப்பேன்.