திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு: தினமும் நற்செய்தி வாசிக்க வாங்குபவர்களுக்கு

தினமும் நற்செய்தி வாசித்துச் செபிக்க ஒரு தமிழ் விவிலியம் வேண்டும் என்று கடைக்குப் போனால் பெரும்பாலும் இரண்டுதான் கைக்கு வரும். ஒன்று, சீர்திருத்தச் சபைகளில் தலைமுறைகளாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பான ‘பழைய திருப்புதல்’. மற்றது 1995இல் வெளிவந்து, கத்தோலிக்கத் திருப்பலியில் வாசிக்கப்படும் பொது மொழிபெயர்ப்பு. இரண்டின் தமிழ்நடை பற்றிய வாதம் பழையது, அதை இங்கே தொடவில்லை. பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதையே பார்க்கிறோம். செபிக்க உட்காருபவருக்கு முதலில் கைகொடுப்பதும் காலை வாருவதும் அதுதான்.

திருப்பலியில் முதல் வாசகங்களுக்கு உட்கார்ந்திருக்கும் சபை, நற்செய்திக்கு எழுந்து நிற்கிறது. நெற்றி, உதடு, நெஞ்சு மூன்றிலும் சிலுவை வரைந்துகொண்டு கேட்கிறது. அங்கே நம் காதில் விழுவது முழு அதிகாரமாக இருப்பதில்லை. ஒரு புதுமை (அற்புதம்), ஓர் உவமை, ஓர் உரையாடல் என்று ஒரு பகுதி. வீட்டில் வைத்திருக்கும் புத்தகமும் அந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட வேண்டும். பொது மொழிபெயர்ப்பு இதை நன்றாகவே செய்கிறது: பத்திகளாக ஓடும் பாடம், ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, நூலுக்கு முன்னால் ஆசிரியர், சூழல், உள்ளடக்கம் சொல்லும் முன்னுரை. பழைய திருப்புதலின் வழக்கமான அச்சில் ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்கும். மனப்பாடம் செய்யவும், ஆராதனையில் வசனத்தைச் சட்டென்று எடுக்கவும் அது மிக வசதி. ஒரு நிகழ்ச்சியை ஒரே மூச்சில் வாசிக்கத்தான் கண் தடுக்கி நிற்கிறது.

பொது மொழிபெயர்ப்பில் நாங்கள் அதிகம் மதிப்பது, தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் ஒத்த பகுதிகளின் எண்கள். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை எடுங்கள். மத் 14:13-21, மாற் 6:30-44, லூக் 9:10-17, யோவா 6:1-14 என நான்கு நற்செய்தி நூல்களிலும் அது இருக்கிறது. நான்கு இடங்களிலும் காகிதத் துண்டு வைத்து வரிசையாக வாசியுங்கள். மக்கள் அமர்ந்த புல் பசும்புல் என்று சொல்பவர் மாற்கு மட்டுமே. அப்பங்கள் வாற்கோதுமை அப்பங்கள் என்பதும், அவற்றை வைத்திருந்தவன் ஒரு சிறுவன் என்பதும் யோவானில் மட்டுமே உண்டு. இங்கே பலர் செய்கிற தவறு, நான்கையும் கலந்து மனத்துக்குள் ஒரே கதையாக்கிவிடுவது. அப்படிச் செய்தால் எந்த நற்செய்தியாளர் எதை அழுத்துகிறார் என்பது மறைந்துபோகும். முதலில் ஒரு நற்செய்தியை முழுதாக முடியுங்கள், ஒப்பீடு பிறகு. மாற்கு 16 அதிகாரம்தான், வாய்விட்டு வாசித்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும்.

தலைப்புகளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. அவை பதிப்பாசிரியர்கள் இட்டவை, நற்செய்தியாளர் எழுதியவை அல்ல. மாற்கு 11இல் இயேசு அத்திமரத்தைச் சபிப்பது, கோவிலில் வணிகர்களை விரட்டுவது, மீண்டும் அத்திமரம் என்று வருகிறது. கோவிலில் நடந்ததற்கு அந்த மரமே விளக்கம். தனித்தனித் தலைப்பின்கீழ் தனித்தனி நாளில் வாசித்தால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும். 12 முதல் 25 வரையுள்ள வசனங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். அதிகார எண்களும் பிற்காலத்தவைதான். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, இன்று நாம் பயன்படுத்தும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள் 1551இல். யோவான் 7இன் கடைசி வசனத்தில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள். 8இன் முதல் வசனத்தில் இயேசு ஒலிவ மலைக்குப் போகிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தால் நெஞ்சைத் தொடும் இடம் அது. நடுவே ஒரு பெரிய எண் வந்து வெட்டிவிடுகிறது.

இயேசுவின் சொற்களைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்புகளைப் பலர் விரும்பிக் கேட்கிறார்கள். தேடி எடுக்க அவை உதவும். ஆனால் கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் மேற்கோள் குறி கிடையாது. யோவான் 3இல் நிக்கதேமிடம் இயேசு பேசுவது எந்த வசனத்தோடு முடிகிறது என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. சிவப்பு மை அதை முடிவு செய்துவிட்டது போலக் காட்டும். செபத்துக்குக் கறுப்பு எழுத்தே போதும் என்பது எங்கள் கருத்து.

ஞாயிறு வாசகத்தை முன்கூட்டியே பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: ஞாயிறு நற்செய்தி மூன்று ஆண்டுச் சுற்றில் வரும். ஆண்டு எண் மூன்றால் வகுபட்டால் சுற்றின் மூன்றாம் ஆண்டு, லூக்கா. அதற்கு அடுத்தது மத்தேயு, அதற்கும் அடுத்தது மாற்கு. 2025 லூக்கா, 2026 மத்தேயு, 2027 மாற்கு. ஆண்டு மாறுவது ஜனவரியில் அல்ல, அதற்கு முந்தைய திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்) முதல் ஞாயிற்றில். யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் உயிர்ப்புப் பெருவிழாவைத் தொடரும் பாஸ்கா காலத்திலும் அதிகம் வருவார், மாற்கு ஆண்டில் ஐந்து ஞாயிறுகளுக்கு அவருடைய 6ஆம் அதிகாரம் ஓடும்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியவை. கத்தோலிக்கப் பதிப்பில், சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் இல்லாத இணைத் திருமுறை நூல்களும் சேர்ந்து 73 நூல்கள் என்பதால் கனம் அதிகம், தாள் மெல்லியது. ஒரு பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். முதுகின் மேல்முனையில் தாள்கள் சின்னச் சின்ன மடிப்புகளாகத் தெரிந்தால் தையல் பைண்டிங். ஒரே பசைக்கோடாக இருந்தால், தினமும் திறக்கும் நற்செய்திப் பக்கங்கள்தான் முதலில் கழன்று வரும். ஜிப் உறை தூசியைத் தடுக்கும், ஆனால் அவசரமாக இழுத்தால் தாளின் மூலையைக் கடிக்கும். ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் இந்தத் தாளில் மறுபக்கம் ஊறும். அடிக்கோடிட மர வண்ணப் பென்சில் போதும். கையடக்கப் புதிய ஏற்பாடு பயணத்துக்கு நல்லது. வயதானவர்களுக்கு வாங்குவதானால் கடையிலேயே யோவான் 17ஐ அவர்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பிறகு காசு கொடுங்கள்.