பக்கம் மாற்றுவதா, இருபுறமும் செய்வதா?

பா = (9/5)செ + 32. செல்சியஸைப் பாரன்ஹீட்டாக்கும் சூத்திரம். தெர்மாமீட்டர் 98.6 பாரன்ஹீட் காட்டுகிறது, அது எத்தனை செல்சியஸ்? 'செ'யைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

பலருக்கும் வகுப்பில் காதில் விழுந்த மந்திரம் ஒன்று உண்டு: "பிளஸ் அந்தப் பக்கம் போனா மைனஸ், பெருக்கல் போனா வகுத்தல்." 32-ஐ அனுப்பு, 9/5-ஐத் தலைகீழாக்கி அனுப்பு. செ = (பா − 32) × 5/9. இரண்டே வரியில் 37. வேகத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஆனால் எதை முதலில் அனுப்புவது என்று மந்திரம் சொல்வதில்லை. 9/5-ஐ முதலில் அனுப்பிவிட்டு 32-ஐ அப்படியே பின்னால் தள்ளினால் 22.8 வரும். அது ஏசி அறைக்குப் பொருந்தும், மனுஷ உடம்புக்கு அல்ல! அடுத்தது, −3ம = 12. "மைனஸ் போனா பிளஸ்தானே சார்?" என்று 12/3 எழுதி 4 என்பான் பையன். மந்திரப்படி அவன் சொன்னதில் தப்பில்லை. மந்திரத்தில்தான் கோளாறு.

இருபுறமும் ஒரே வேலையைச் செய்யும் தராசு முறையில் 5/9-ஐ முதலில் பெருக்கினாலும் குடி முழுகிவிடாது. 32-ம் சேர்ந்தே பெருகி (5/9)பா = செ + 160/9 ஆகும். பார்க்க அசிங்கம்தான், விடை அதே 37. −3ம-வையும் 12-ஐயும் −3-ஆல் வகுத்தால் −4. குறி தொலைய வழியில்லை. குறை என்றால் நீளம், எழுதக் கை வலிக்கும்.

உண்மையில் முதல் முறை இரண்டாவதன் சுருக்கெழுத்துதான். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி 'அல் ஜபர்' என்றதே, கழிபடும் உறுப்பை இருபுறமும் கூட்டி ஈடுகட்டுவதைத்தான். அல்ஜீப்ரா என்ற பெயரும் அதிலிருந்து வந்தது.

ஓம் விதிக்கு (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) முக்கோணம் போட்டு ஒன்றை விரலால் மறைப்பார்களே, அது மூன்றே அளவுகள் உள்ள பெருக்கலுக்கு மட்டும். ஒரு கூட்டல் நுழைந்தால் முக்கோணம் செல்லாக்காசு.

என் ஓட்டு தராசுக்கே. கை பழகியபின் வெறும் கூட்டல் கழித்தலுக்கு மட்டும் பக்கம் மாற்றிக்கொள்ளலாம். தராசுக்கு ஓட்டுப் போடக் காரணம், தேடும் எழுத்து இரண்டு இடத்தில் வரும் சூத்திரங்கள். பக்க இணைப்பில், அதாவது இணையாக வைத்த அ, ஆ என்ற இரண்டு மின்தடைகளின் மொத்தம்: மொ = அஆ/(அ + ஆ). 'அ' வேண்டும். எதை எங்கே அனுப்புவது? மந்திரம் முழி பிதுங்கி நிற்கும். இருபுறமும் (அ + ஆ)-ஆல் பெருக்கினால்,

மொ·அ + மொ·ஆ = அ·ஆ

இருபுறமும் மொ·அ-வைக் கழித்து, 'அ'வைப் பொதுவாக வெளியே எடுத்தால் அ(ஆ − மொ) = மொ·ஆ. ஆகவே,

அ = மொ·ஆ/(ஆ − மொ)

கையில் 30 ஓம் இருக்கிறது, மொத்தம் 20 வேண்டும் என்றால் 600/10, அதாவது 60 ஓம். மொத்தமும் 30-ஆகவே வேண்டும் என்றால் கீழே பூச்சியம் வந்து கணக்கு மறுத்துவிடும். இணையாக எதைச் சேர்த்தாலும் தடை குறையத்தானே செய்யும்.