பந்தியில் புலி, பக்கத்தில் நாம்: ஜில்லி–மார்க் வெண்கலச் சிலைகள் எப்படி?

ஆஸ்திரேலியத் தம்பதி ஜில்லி, மார்க் ஷாட்னர் வைக்கும் சிலைகளுக்கு டிக்கெட் கிடையாது. தொடலாம், கட்டிப்பிடிக்கலாம், குழந்தையைத் தூக்கி மேலே உட்கார வைக்கலாம். அழிந்துவரும் விலங்குகளைப் பற்றிப் பேச இவர்கள் எடுத்த வழி இதுதான். பலமும் அதில்தான், பாதிச் சிக்கலும் அதில்தான்.

லண்டன் பேட்டர்நாஸ்டர் சதுக்கத்தில் வைத்த விருந்து மேசையைச் சொல்லலாம். யானை, புலி, காண்டாமிருகம் எல்லாம் மனிதர் மாதிரி பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. கூடவே நாய்த்தலை ஆணும் முயல்தலைப் பெண்ணும். அந்த ஜோடி இவர்களின் முத்திரை. நடுவில் காலி இருக்கைகள், அவை நமக்கு. உட்கார்ந்தால் புலியின் தோள் நம் தோளுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பலகையில் எழுதியிருப்பதை யாரும் படிக்காவிட்டாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஐந்துக்கு ஐந்து.

ஆனால் தொடவிடும் வெண்கலத்துக்குப் பராமரிப்பு அதிகம். வெண்கலச் சிலையின் பழுப்பு நிறம் பெயின்ட் அல்ல. உலோகத்தைச் சூடேற்றி ஃபெரிக் நைட்ரேட் போன்ற கரைசலைத் தெளித்து வரவழைப்பது. அதன்மேல் மெழுகுப் பூச்சு. ஆயிரம் கைகள் தடவினால் முதலில் மெழுகு போகும், பிறகு நிறம் போகும். மூக்கும் காதும் பித்தளைச் சொம்பு மாதிரி மின்னும். அது அழகுதான், விட்டுவிடலாம். விடக்கூடாதது மடிப்புகளில் தேங்கும் மழைநீர். அடியில் வடிதுளை இல்லையென்றாலோ, குப்பை அடைத்துக்கொண்டாலோ, பச்சைக் களிம்பு கோடு கோடாக இறங்கும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை கழுவி, உலர்த்தி, மெழுகு பூசியே ஆக வேண்டும். தரையில் முடுக்கும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். சாதா இரும்பு வெண்கலத்தோடு ஒட்டி ஈரத்தில் கிடந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும்.

நியூயார்க் ஆஸ்டர் பிளேஸில் 2018 மார்ச் 15 அன்று திறந்த ‘கடைசி மூவர்’ வேறு ரகம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களில் அப்போது எஞ்சியிருந்த சூடான், அதன் மகள் நாஜின், பேத்தி ஃபாட்டு மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, சர்க்கஸ் கோபுரம் போல. கலை விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கொஞ்சம் பொம்மைத்தனம் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தள்ளாட்டம் வேண்டுமென்றே வைத்தது: அடியில் இருப்பது சரிந்தால் மற்றவை எங்கே நிற்கும்? நான்கே நாளில், மார்ச் 19 அன்று, கென்யாவில் 45 வயது சூடான் இறந்தது. இனி அந்த இனத்தில் ஆண் இல்லை. சிலையில் மூன்று, உலகில் இரண்டு.

2019 ஆகஸ்ட் 26 அன்று அதே ஊரில் வைத்த பத்துப் பெண்களின் சிலைகள் மட்டும் சுமார். நகரத்துச் சிலைகளில் பெண்கள் மிகக் குறைவு என்ற வாதம் நியாயமானது. ஓப்ரா வின்ஃப்ரே, நிக்கோல் கிட்மன் என்று ஏற்கெனவே ஊரறிந்த முகங்களை அடுக்கியதில்தான் வாதம் நீர்த்துவிட்டது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் ஒருவர்தான் இவர்களின் விலங்கு வேலையோடு ஒட்டி நிற்கிறார்.

பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள்; கூட்டம் கூடினால் காலி இருக்கைக்கு வரிசை. கோடை மதியத்தில் உட்காருவதற்கு முன் புறங்கையை வைத்துப் பாருங்கள், வெயிலில் வெண்கலம் தோசைக்கல்லாகக் காயும்.