நாக் அவுட் ரோஜா: டாலஸ் வீட்டுத் தோட்டத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்?

டாலஸ், ஃபோர்ட் வொர்த் புறநகர்களில் புதிதாக வீடு வாங்குகிற நம்மவர்கள் முன்வாசலுக்கு என்ன பூச்செடி வைக்கலாம் என்று கேட்டால், செடிக்கடையில் பெரும்பாலும் கைகாட்டப்படுவது நாக் அவுட் ரோஜாதான். மருந்து அடிக்க வேண்டாம், வாடிய பூவைக் கிள்ள வேண்டாம், வெயிலில் நட்டுவிட்டால் போதும், தானே பூத்துக்கொண்டிருக்கும் என்பார்கள். சில ஆண்டுகளாக இதை வளர்த்து வருவதால் சொல்கிறேன்: அந்த வாக்குறுதியில் பெரும்பகுதி உண்மை. ஆனால் சொல்லாமல் விடப்படும் பகுதி ஒன்று இருக்கிறது. வாங்குவதற்கு முன் அதையும் தெரிந்துகொள்வது அவசியம்.

ரோஜா வளர்த்தவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை கரும்புள்ளி நோய். இலையில் ஓரம் சிதறிய கறுப்பு வட்டங்கள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி, மழைக்காலம் முடிவதற்குள் செடி குச்சியாக நின்றுவிடும். விஸ்கான்சின் மாநிலத்தில் மில்வாக்கிக்கு அருகிலுள்ள போர்னர் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த வில்லியம் ராட்லர், இந்த நோய்க்கு மசியாத ரோஜாவை உருவாக்குவதையே தம் ஆர்வமாகக் கொண்டிருந்தார். நோய் கண்ட இலைகளைச் சேகரித்து, உலர்த்திப் பொடியாக்கி, தம் நாற்றுகளின் மேல் தூவி, தெளிப்பானால் இலைகளை நனைத்து, நோய் பரவ வேண்டிய சூழலைத் தாமே ஏற்படுத்திக்கொடுத்து, அதிலும் பச்சை மாறாமல் நின்ற செடிகளை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஃபித் பக் உருவாக்கிய ‘கேர்ஃப்ரீ பியூட்டி’ இதன் முன்னோர்களில் ஒன்று. 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த நாக் அவுட், அதே ஆண்டில் அனைத்து அமெரிக்க ரோஜாத் தேர்வு விருதையும் பெற்றது. என் தோட்டத்தில் வசந்த காலத்து மழைக்குப் பிறகு பக்கத்துச் செடியில் புள்ளிகள் ஏறிக்கொண்டிருக்கும்போது, இதன் இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மின்னுவதைப் பார்க்கையில் ராட்லரின் உழைப்பின் மேல் மதிப்பு கூடுகிறது.

பூக்கும் முறையும் பாராட்டத்தக்கது. ஏறத்தாழ ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை புதுக் கொத்துகள் விடுகிறது. இதழ்கள் தாமாகவே உதிர்ந்துவிடுவதால் காய்ந்த பூக்கள் செடியில் தொங்கி அசிங்கமாக நிற்பதில்லை. எனினும் டாலஸ் வாசிகள் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் இலை தெரியாத அளவுக்குப் பூக்கும் இச்செடி, ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் சிறுத்த, நிறம் வெளுத்த பூக்களையே தரும். அதைக் கண்டு உரத்தைக் கூட்ட வேண்டியதில்லை. செப்டம்பரில் அதுவே மீளும். குளிரையும் நன்றாகத் தாங்கும். 2021 பிப்ரவரியில் டாலஸில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 19 பாகை செல்சியஸ் வரை இறங்கியபோது, மேல் கிளைகள் கருகிப்போன செடிகளும் அடியிலிருந்து துளிர்த்து வந்தன. பொதுவாக இது ஒட்டுச்செடியாக விற்கப்படாமல் தன் சொந்த வேரிலேயே வளர்க்கப்படுவதால், அடியிலிருந்து எழும் துளிரும் நாக் அவுட்டாகவே இருக்கும். ஒட்டுச்செடியில் மேற்பகுதி செத்துவிட்டால், ஒட்டுக்கு அடியாக வைத்த வேர்க்குச்சியின் காட்டு ரோஜாதான் கிளம்பும்.

இனி நம் தேவைகளுக்கு வருவோம். பூஜைக்கோ கூந்தலுக்கோ மனத்தில் வைத்து இதை வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். மூல வகையில் ஒரு பூவுக்கு 5 முதல் 12 இதழ்கள்தான். மணம் அனேகமாக இல்லை. காலையில் பறித்துச் சாமி படத்துக்கு வைத்தால் மாலைக்குள் இதழ்கள் கீழே கிடக்கும். நாரில் தொடுப்பதற்கு வேண்டிய கட்டு பூவில் கிடையாது. ‘டபுள் நாக் அவுட்’ அடுக்கு இதழ்களோடு பார்வைக்கு ரோஜா போலவே இருக்கிறது என்றாலும் அதிலும் மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சளில் தொடங்கி வெண்ணெய் நிறத்துக்கு மாறும் ‘சன்னி’ வகையில் மட்டும் மெல்லிய மணம் உண்டு. பன்னீர் ரோஜாவின் நினைவோடு ரோஜா தேடுபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த ராபர்ட் பேஸி உருவாக்கிய ‘பெலிண்டாஸ் ட்ரீம்’. அடர்ந்த இளஞ்சிவப்பு இதழ்களும் மணமும் கொண்டது. அதே பல்கலைக்கழகம் எர்த்கைண்ட் என்ற பெயரில் தேர்ந்தெடுக்கும் எளிய பராமரிப்பு ரோஜாக்களில் அதற்கும் இடம் உண்டு, நாக் அவுட்டுக்கும் உண்டு.

வளர்ப்பு முறையில் அதிகம் சொல்வதற்கில்லை. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். இவ்வூர் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போலவே ஈரத்தில் உப்பி, காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பது. ஆகவே குழியில் மட்கு உரத்தைக் கலந்து, தரையிலிருந்து சற்று மேடாக நட வேண்டும். மண்ணில் சுண்ணாம்புத்தன்மை மிகுதியாக இருப்பதால் சில இடங்களில் நரம்பு பச்சையாகவே இருக்க இலை மஞ்சளாகும். அது இரும்புச்சத்துக் குறை, கரையும் இரும்பு உரம் கொடுத்தால் சரியாகும். முதல் ஆண்டு நீர் விடாமல் இருக்கக் கூடாது. கவாத்து மட்டும் தவறக் கூடாத வேலை. பிப்ரவரி நடுவில் செடியைப் பாதியாகவோ அதற்குக் கீழாகவோ வெட்டிவிடாவிட்டால், மூன்று நான்கு அடியில் நிற்கும் என்று அட்டையில் அச்சிடப்பட்ட செடி ஆளுயரம் வளர்ந்து சன்னலை மறைத்துவிடும்.

மருந்தே வேண்டாம் என்ற பேச்சு கரும்புள்ளி நோய்க்கு மட்டுமே பொருந்தும். ஊரில் மிளகாய்ச் செடியின் இலையைச் சுருட்டிவிடும் அதே இலைப்பேன் இன்று புளோரிடாவிலும் டெக்சாஸிலும் ரோஜாவுக்கு வந்திருக்கிறது. கோடையில் புதுத் துளிர்கள் வெண்கல நிறமேறிச் சுருங்குவதும், மொட்டு விரியாமல் தீய்ந்ததுபோல் நிற்பதும் அதன் அடையாளம். அதை வெயிலின் வேலை என்று எண்ணிப் பலர் தண்ணீரை மட்டும் கூட்டுகிறார்கள்.

எல்லாவற்றிலும் கடுமையானது ரோஸ் ரொசெட் நோய். இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 2011இல்தான் உறுதிப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓர் உண்ணி காற்றில் மிதந்து வந்து இதைப் பரப்புகிறது. ஒரு காலத்தில் மண்ணரிப்பைத் தடுக்கவும் வேலிக்காகவும் அமெரிக்காவின் பல பகுதிகளில் நடப்பட்டுப் பின் காடாய்ப் பரவிய மல்டிஃப்ளோரா ரோஜா அந்த வைரஸுக்கு இருப்பிடமாயிற்று. கடைத்தெருக்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் செடியோடு செடி உரச வரிசை வரிசையாக நடப்பட்ட நாக் அவுட், டாலஸ் பகுதியில் அந்த உண்ணிக்கு நடைபாதை விரித்தது என்றே சொல்வேன். குறை இதன் இயல்பில் மட்டும் இல்லை. மற்ற ரோஜாக்களில் பெரும்பாலானவையும் இந்நோய்க்கு ஆளாகக்கூடியவைதான். ஒரே செடியை இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு இடங்களில் நட்டதுதான் கேட்டைப் பெருக்கியது.

நோயை அடையாளம் காண ஒரு வழி. நாக் அவுட்டின் புதுத் துளிர் இயல்பிலேயே கருஞ்சிவப்பாக இருக்கும், ஆனால் இலை முற்றும்போது பச்சையாகிவிடும். நோயுற்ற கிளையில் அந்தச் சிவப்பு மாறுவதில்லை. தண்டு அடித்தண்டைவிடப் பருத்து, முள் வைக்க இடமில்லாமல் முட்கள் நெருங்கி, தொட்டால் குத்தாத அளவுக்கு மென்மையாக இருக்கும். ஒரே கணுவிலிருந்து துடைப்பம்போல் கிளைகள் வெடித்துக் கிளம்பும். அப்படிக் கண்டால் மருந்தைத் தேடி அலைய வேண்டாம், மருந்து இல்லை. செடியை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, வேரோடு தோண்டி எடுத்து, உரக்குழியில் போடாமல் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டும். பக்கத்தில் இலை ஊதும் இயந்திரத்தை இயக்க விடாதீர்கள், உண்ணி அதோடு பறக்கும்.

ஆகவே என் பரிந்துரை இது: முன்வாசலில் பத்துச் செடி வரிசையாக வேண்டும் என்பவர்கள் நாக் அவுட்டைத் தவிர்க்கலாம். ஒன்றோ இரண்டோ வைத்து, இடையில் சால்வியாவும் அலங்காரப் புற்களும் நட்டு, ஒன்றின் இலை மற்றொன்றைத் தொடாத இடைவெளி விடுபவர்களுக்கு இவ்வளவு பூவை இவ்வளவு குறைந்த உழைப்பில் தரும் ரோஜா வேறொன்றை நான் பார்த்ததில்லை. வாங்குவதற்கு ஏற்ற காலம் அக்டோபர். கோடைக்கு முன் வேர் இறங்கிவிடும். விலையும் வசந்த காலத்தைவிடப் பெரும்பாலும் இறங்கியிருக்கும். கடையில் பூவின் எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், தொட்டியின் அடித்துளையில் வேர் சுருண்டு வெளியே வந்திருக்கிறதா, துளிர்த் தண்டில் முட்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டும் இல்லாத செடியை வண்டியில் ஏற்றுங்கள்.