நெக்ஸ்ட்கிளேட்: ஒரு ஃப்ளூ சீசனை அளக்க இது போதுமா?

ஒரே ஊரில், ஒரே சீசனில் சுற்றும் ஃப்ளூ வைரஸ் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க முதலில் கைகொடுப்பது, வைரஸின் மரபணு வரிசைகளை ஒப்பிடும் நெக்ஸ்ட்கிளேட் என்ற இணையக் கருவி. இலவசம், பிரவுசரிலேயே ஓடும், தரவு கணினியை விட்டு வெளியே போகாது. மரபணு வரிசை உள்ள ஃபாஸ்டா கோப்பைப் போட்டு, ஒப்பிடுவதற்கான வரிசையும் உறவு மரமும் அடங்கிய டேட்டாசெட்டைத் தேர்ந்தெடுத்தால் கிளேட் (வைரஸ் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பது), பிறழ்வுகள், தர மதிப்பெண் எல்லாம் வந்துவிடும். வேகத்தில் குறையே இல்லை.

முடிவைப் படிப்பதில்தான் சறுக்குகிறார்கள். எச்3என்2 என்ற ஃப்ளூ வகையில், மேற்பரப்புப் புரதம் ஒன்றுக்கான எச்ஏ மரபணு சுமார் 1,700 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம். ஓர் எழுத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 0.005 மாற்றம் என்றால் ஆண்டுக்கு எட்டு ஒன்பது, மூன்று மாதச் சீசனில் இரண்டே இரண்டு. ஆகவே பத்து மாதிரிகளின் எச்ஏ அச்சு அசலாக ஒன்றாக இருந்தாலும் அவை ஒரே தொற்றுச் சங்கிலி என்று எழுதிவிட முடியாது. மாறாக, இரண்டு மாதிரிகளுக்கு நடுவே பதினைந்து வேறுபாடு தெரிந்தால் வைரஸ் இங்கே வேகமாக மாறிவிட்டது என்று பதற வேண்டாம். வெளியிலிருந்து தனித்தனியாக வந்த இரு கிளைகளாகவே பெரும்பாலும் இருக்கும். சங்கிலியைப் பிரிக்க வைரஸ் மரபணுத் தொகுதியின் எட்டுத் துண்டுகளும், அதாவது சுமார் 13,500 எழுத்தும் வேண்டும். துண்டுகளைத் தனித்தனியாக ஓட்டுங்கள். எச்ஏ ஒரு கிளையிலும் என்ஏ (இன்னொரு மேற்பரப்புப் புரதத்தின் துண்டு) வேறு கிளையிலும் உட்கார்ந்தால், இரு வைரஸ்களுக்கிடையே துண்டுகள் இடம் மாறிய கலப்பா, மாதிரிக் கலப்படமா என்று பார்க்க வேண்டும்.

தர மதிப்பெண் 30-க்குள் இருந்தால் நல்லது, 100-ஐத் தொட்டால் மோசம். ஆனால் தனிப் பிறழ்வுகள் (மரத்தில் பக்கத்து உறவிடம் இல்லாத மாற்றங்கள்) அதிகம் என்று சிவப்பு காட்டினால் மாதிரியைக் குறை சொல்லும் முன் டேட்டாசெட்டின் தேதியைப் பாருங்கள்; பழைய மரத்தில் புது வைரஸுக்குப் பக்கத்து உறவே இருக்காது. இரு முனைகளிலும் பிரைமர் (ஆய்வகத்தில் மரபணுவைப் பெருக்கச் சேர்க்கும் சிறு துண்டு) எழுத்துகளை வெட்டாமல் விட்டால் அங்கே வரும் 'மாறாத்தன்மை' பிரைமருடையது, வைரஸுடையதல்ல. செல் வளர்ப்பில் பெருக்கிய எச்3என்2-வில் என்ஏ 151-ஆம் இடம் மாறுவது வழக்கம். அதை நேரடி மூக்குச் சளி மாதிரியோடு ஒரே அட்டவணையில் ஒப்பிடக் கூடாது.

எண் வரிசையிலும் கவனம் வேண்டும். கருவி எச்ஏ புரதத்தின் முதல் பகுதியான எச்ஏ1-ஐத் தனியாக எண்ணுகிறது. எச்3-இல் அதற்கு முன்னால் வரும் முன்னொட்டு (சிக்னல் பெப்டைடு) 16 அமினோ அமிலம். இங்கே 145 என்பது முழுப் புரத எண்ணிக்கையில் 161.

மரத்தில் பக்கத்தில் நிற்பவர் பெற்றோர் அல்ல. அது பொறுக்கி எடுத்த மாதிரிகளின் மரம். காலக்கோடு வேண்டுமென்றால், மரத்துக்குத் தேதி கணக்கிடும் ட்ரீடைம் போன்ற மென்பொருளுக்குப் போக வேண்டும். முடிவுகளை அட்டவணையாகத் தரும் டி.எஸ்.வி கோப்பைச் சேமிக்கும்போது டேட்டாசெட் பதிப்பையும் குறித்துவையுங்கள், அடுத்த பதிப்பில் கிளேட் பெயர் மாறியிருக்கலாம்.